ப்ரோநவுன் கட்டத்தை காலியா விட்டா என்ன ஆகும்?

நான் ஹெச்ஆர் ஆள் கிடையாது. ஹெச்ஆர் கேக்குற சிஸ்டத்தை எல்லாம் செட் பண்ணிக் குடுத்துட்டு, அதுல ஏதாச்சும் இடிச்சா எல்லார்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிற ஆள். எம்ப்ளாயி டைரக்டரி, மெயில் சிக்னேச்சர் டெம்ப்ளேட், மீட்டிங் ப்ரொஃபைல், ஐடி கார்டு பிரிண்ட் வரைக்கும் எங்க டீம்தான். அதனால ப்ரோநவுன் விஷயம் ஆஃபிஸுக்குள்ள வந்தப்போ பாலிசி எழுதினது வேற யாரோன்னாலும் அந்தக் கட்டத்தை ஸ்க்ரீன்ல கொண்டு வந்து வச்சது நான்தான், அதைப் பத்தின புலம்பல், சண்டை, கிண்டல், ரகசியமா வந்து கேட்ட கேள்வி எல்லாமே என்கிட்டதான் வந்துச்சு. ஹெச்ஆர்கிட்ட சொல்ல பயப்படுறதை எல்லாம் ஐடி ஆள்கிட்ட ஈஸியா சொல்லிடுறாங்க. வேற எங்கயாச்சும் இதே வேலை தலையில விழுந்தவங்களுக்கு உபயோகப்படும்னு எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பேருக்குப் பக்கத்துல ஷி/ஹெர், ஹீ/ஹிம், தே/தெம்னு போட்டுக்கிறாங்கல்ல, என்னைப் பத்தி இங்கிலீஷ்ல பேசும்போது இப்படிச் சொல்லுங்கன்னு அர்த்தம். ட்ரான்ஸா இருக்கவங்க, அதாவது பிறந்தப்போ குறிச்ச பாலினம் தன்னோடது இல்லன்னு உணர்றவங்க, ஆண் பெண்ணுன்னு ரெண்டுலயும் தன்னை வச்சுப் பார்க்காத நான்பைனரி ஆளுங்க இவங்களுக்காக ஆரம்பிச்ச பழக்கம், அவங்க மட்டும் போட்டா தனியாத் தெரியுதேன்னு மத்தவங்களும் போட ஆரம்பிச்சாங்க. 2021ல லிங்க்ட்இன், ஜூம் ரெண்டுலயும் இதுக்குன்னே தனி ஃபீல்டு வந்துச்சு, அதுக்கப்புறம்தான் கார்ப்பரேட் உலகம் பூரா பரவினது. ஒருத்தருக்குப் போய் 'தே'ன்னு சொல்றது கிராமர் மிஸ்டேக்னு சண்டைக்கு வர்ற ஆளுங்க எல்லா ஆஃபிஸ்லயும் ஒருத்தராவது இருப்பாங்க. ஒருமையில தே வர்றது 1300கள்ல இருந்தே இங்கிலீஷ்ல இருக்கு, மெரியம் வெப்ஸ்டர் டிக்ஷனரி 2019ல அதைத்தான் அந்த வருஷத்தோட வார்த்தையாவே அறிவிச்சுது, அதே வருஷம் வந்த ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) ஸ்டைல் கைடோட ஏழாவது பதிப்பும் ஓகே சொல்லிடுச்சு. ஒரே ஆளை நீங்க, வாங்க, அவங்கன்னு பன்மையில கூப்பிட்டே வளர்ந்த நாம இதுக்கு கிராமர் காரணம் சொல்றது கொஞ்சம் காமெடிதான். சரி அது கிடக்கட்டும்.

எங்களுக்கு வந்த ரிக்வயர்மென்ட்ல அந்த ஃபீல்டு பக்கத்துல சிவப்பு ஸ்டார் இருந்துச்சு. அதாவது கட்டாயம், நிரப்பலன்னா ப்ரொஃபைல் சேவ் ஆகாது. நல்ல எண்ணத்துலதான் கேட்டிருக்காங்க, எல்லாரும் போட்டா யாரும் தனியாத் தெரிய மாட்டாங்கங்கிற லாஜிக். டெஸ்ட் என்விரான்மென்ட்ல இது இருக்கும்போதே விஷயம் லீக் ஆகி ரெண்டு பேர் என்கிட்ட வந்தாங்க, ஒருத்தருக்கொருத்தர் தெரியாம, தனித்தனியா.

முதல்ல வந்தவர் ரொம்ப சீனியர். கோபமா வந்தார். "என்னைப் பார்த்தாத் தெரியாதாய்யா? இத்தனை வருஷம் என் பேரை வச்சு வேலை பார்க்கலையா? நான் நம்பாத ஒரு விஷயத்தை என் பேருக்குப் பக்கத்துல எழுத வைக்கிறதுக்கு நீ யாரு?"ன்னார். நான் யாருமில்ல சார், இதைப் பண்ணச் சொல்லி ஐடி டீமுக்கு டிக்கெட் வந்துச்சுன்னேன். சிரிக்கல.

ரெண்டாவது ஆள் நேர்ல வரல, சாட்ல வந்தாங்க. "அண்ணா, அந்த ஃபீல்டை காலியா விட முடியுமா"ன்னு ஒரு வரி. முடியாதுன்னுதான் இப்போதைக்கு இருக்கு, ஏன்னு கேட்டேன். டைப்பிங்னு காட்டுச்சு, நின்னுச்சு, மறுபடி காட்டுச்சு. அப்புறம் வந்தது இது: "இப்ப எல்லாரும் சொல்றதையே போட்டா நானே கைப்பட பொய் எழுதின மாதிரி. உண்மையைப் போட்டா இன்னைக்கு சாயங்காலமே எல்லாருக்கும் தெரிஞ்சிரும், வீடு வரைக்கும் போயிரும். தே போட்டா ஏன் எதுக்குன்னு கேட்டே கொன்னுருவாங்க. யாரும் என்னைக் கேக்காத வரைக்கும் சமாளிச்சுட்டு இருந்தேன்ணா."

இந்த ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்தா பத்து நிமிஷத்துல சண்டை வந்துரும். ஆனா ரெண்டு பேரும் என்கிட்ட கேட்டது ஒண்ணேதான், காலியா விடுற உரிமை. யாருக்காக இந்த ஃபீல்டே வந்துச்சோ அந்த ஆளையே அது மூலையில தள்ளுதுன்னா அப்புறம் எதுக்கு அது. நான் மீட்டிங்ல இதைச் சொன்னேன், யார் கேட்டாங்கன்னு சொல்லாம, ட்ரான்ஸா இருந்து இன்னும் வெளிய சொல்லாத ஒருத்தர் இந்த ஸ்க்ரீன்ல என்ன பண்ணுவாங்கன்னு மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. ஸ்டாரை எடுத்துட்டாங்க.

அதோட முடியல. காலியா விடுறதுக்குப் பதிலா "சொல்ல விரும்பவில்லை"ன்னு ஒரு ஆப்ஷன் வைக்கலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. கேக்க நல்லா இருக்கும். ஆனா ப்ரொஃபைல்ல பேருக்குக் கீழ அது போய் உக்காந்தா என்ன ஆகும்னு பாருங்க, மத்தவங்க எல்லாம் எதையோ போட்டிருக்க இடத்துல ஒருத்தருக்கு மட்டும் சொல்ல விரும்பவில்லைன்னு வந்தா அதுவே ஒரு அறிவிப்பு, அதைப் பார்த்துட்டு டீ பிரேக்ல என்ன பேசுவாங்கன்னு சொல்லணுமா. அதனால எதுவும் போடலன்னா ஸ்க்ரீன்ல அந்த வரியே வராத மாதிரி பண்ணோம். ஃபீல்டு இருக்கிற அடையாளமே தெரியாது. வேற எங்கயாச்சும் செட் பண்றவங்க இந்த ஒண்ணை மட்டுமாவது பண்ணிடுங்க, அரை நாள் வேலை கூட இல்ல.

லைவ் ஆனதும் முதல்ல நிரப்பினது யார்னு நினைக்கிறீங்க? பாலிசி எழுதினவங்க இல்ல. வெளிநாட்டு டீமோட மெயில்லயே குடும்பம் நடத்துற பொண்ணுங்க. அவங்க பேரைப் பார்த்து ஆணா பெண்ணான்னு அந்தப் பக்கம் இருக்கவங்களுக்குத் தெரியாது, வருஷக்கணக்கா மிஸ்டர்னே மெயில் வந்துட்டு இருந்திருக்கு, கால்ல குரலைக் கேட்டதும் ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் தடுமாறுவாங்களாம். அதே மாதிரி இங்க இருக்கவங்களுக்கு அந்த ஊர்ப் பேரு புரியாது. ப்ரோநவுன்னா ஏதோ அரசியல்னு தள்ளி நின்ன நிறைய பேரு இந்த ஒரு காரணத்துக்காகவே போட்டுக்கிட்டாங்க. எனக்கு இது ரொம்பப் பிடிச்சுது, ஏன்னா அப்போ போட்டிருக்கவங்களைப் பார்த்து இவங்க இந்த ரகம்னு முத்திரை குத்த முடியாமப் போச்சு.

அடுத்தது அறிமுகச் சுத்து. புதுசா சேர்ந்தவங்களுக்கு ட்ரெய்னிங், வட்டமா உக்கார வச்சு ஒவ்வொருத்தரா பேரு, டீம், ப்ரோநவுன் சொல்லுங்கன்னு கேக்குறது. நான் சிஸ்டம் டெமோ காட்ட ஓரமா உக்காந்திருந்தேன். வரிசையா சொல்லிட்டே வர்றாங்க, பாதிப் பேருக்கு அது என்னன்னே தெரியல, பக்கத்துல இருக்கவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்றாங்க, ஒரு பையன் ஷி/ஹெர்னே சொல்லிட்டான், எல்லாரும் சிரிக்க அவன் முகம் சுருங்கிப் போச்சு. அந்த வரிசையில ஒருத்தர் தன் பேரையும் டீமையும் சொல்லிட்டு நிறுத்திட்டாங்க. ட்ரெய்னர் விடல, "அண்ட் யுவர் ப்ரோநவுன்ஸ்?"னு சிரிச்ச முகமா கேட்டாங்க. அந்த ஆள் ட்ரான்ஸா, இல்ல கூச்சமா, இல்ல இதுல உடன்பாடு இல்லாதவரா எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரிய வேண்டியதும் இல்ல. ஒருத்தர் நிறுத்தினா நிறுத்த விடணும், அவ்வளவுதான். இப்போ அந்த ட்ரெய்னிங்ல நடத்துறவங்க முதல்ல தன்னோடதைச் சொல்லிக்கிறாங்க, அப்புறம் "பேரு, டீம், வேற எதாவது சொல்லணும்னு தோணினா சொல்லுங்க"ன்னு விட்டுடுறாங்க. சொல்ல நினைக்கிறவங்க சொல்றாங்க, மத்தவங்க டீம் பேரோட நிப்பாட்டிக்கிறாங்க. இன்டர்வியூ ஃபார்ம்லயும் அப்படித்தான், ஷார்ட்லிஸ்ட் பண்றவங்க கண்ணுல அந்த ஃபீல்டு படவே கூடாது. ஒரே மாதிரி ரெஸ்யூமை ப்ரோநவுன் மட்டும் மாத்தி அனுப்பிப் பார்த்த ஆய்வுகள்ல தே/தெம் போட்டதுக்கு கம்பெனிகள்ட்ட இருந்து பதில் கம்மியாத்தான் வந்திருக்கு. வேலை தேடுற யாராவது என்கிட்ட கேட்டா, ஆஃபர் கைக்கு வந்த அப்புறம் சொல்லிக்கலாம்பேன். தைரியம் இல்லாத அட்வைஸ்னு திட்டினாலும் பரவால்ல, இஎம்ஐ கட்டுறது அவங்கதானே.

தப்பாச் சொல்லிட்டா என்ன பண்றதுங்கிறதுதான் நிறைய பேரோட உண்மையான பயம். எங்க டீம்ல ஒருத்தங்க வேலைக்கு நடுவுல ட்ரான்சிஷன் பண்ணாங்க, அதாவது பொண்ணா வாழ ஆரம்பிச்சாங்க, முன்னாடி ஹீன்னு பழகின ஆளுங்கதான் எல்லாரும். ஒரு கால்ல மேனேஜர் "ஹீ அனுப்பின ரிப்போர்ட்"னு ஆரம்பிச்சு, மூச்சு விடுற நேரத்துல "ஷி அனுப்பின ரிப்போர்ட்ல மூணாவது பேஜ் பாருங்க"ன்னு போயிட்டே இருந்தார். மீட்டிங் நிக்கல, யாரும் யார் முகத்தையும் பார்க்கல. அதே வாரம் இன்னொருத்தர் அதே மாதிரி சொல்லிட்டு, ஐயையோ சாரி, ரொம்ப சாரி, எனக்கு உங்க மேல எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும், பழக்க தோஷம்னு நீட்டி முழக்க, கடைசில அந்தப் பொண்ணுதான் "பரவால்ல பரவால்ல, விடுங்க"ன்னு அவரைச் சமாதானப்படுத்த வேண்டியதாப் போச்சு. கால்ல இருந்த அத்தனை பேரும் அந்த ரெண்டு நிமிஷம் அவங்களையே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் என்கிட்ட பேசும்போது சொன்னாங்க, தப்பாச் சொன்னது கூட மறந்து போச்சு, அந்த சாரிதான் மறக்கலைன்னு.

இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க, ஹீ, ஷி எல்லாம் அந்த ஆள் இல்லாத இடத்துலதான் அதிகம் வரும், முன்னாடி இருந்தா யூன்னு முடிஞ்சிடும். அதனால திருத்துற வேலை பெரும்பாலும் கூட வேலை பார்க்கறவங்களோடது, நாம சாதாரணமா சரியான வார்த்தையைப் போட்டு அடுத்த வரியைப் பேசினாலே எதிர்ல இருக்கவங்களும் மாத்திக்கிறாங்க. சிலர் எதுக்கு வம்புன்னு அந்த ஒருத்தருக்கு மட்டும் எப்பவும் பேரையே சொல்லுவாங்க, மத்த எல்லாருக்கும் ஹீ, ஷி வரும், அந்த ஒருத்தருக்கு மட்டும் வரி முழுக்க பேரு பேரு பேருன்னு. சம்பந்தப்பட்டவங்களுக்கு அது பளிச்சுன்னு தெரியுது.

இப்போ நான் ரொம்ப நேரம் பேசக்கூடிய ஏரியா. ப்ரோநவுன் ஃபீல்டை விட நூறு மடங்கு முக்கியமானது பழைய பேரு. அந்தப் பொண்ணு பேரை மாத்தினாங்க, டைரக்டரியில ஒரு நிமிஷத்துல மாத்திட்டோம், வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சா டிக்கெட் வந்துட்டே இருக்கு. வீடியோ கால்ல பேசும்போது கீழ பழைய பேரு. பிரிண்டர் கிட்ட போனா ஸ்க்ரீன்ல பழைய பேரு. மத்தவங்க மெயில்ல முதல் ரெண்டு எழுத்து அடிச்சதும் தானா வந்து நிக்கிறது பழைய பேரு, அது அந்தந்த ஆள் தானே அழிச்சாதான் போகும். போன வருஷம் போட்ட ரிப்பீட் மீட்டிங் இன்வைட், ஷேர் பண்ண ஃபைலோட ஓனர் பேரு, ட்ரெய்னிங் முடிச்ச சர்டிஃபிகேட், வாசல்ல செக்யூரிட்டி கையில இருக்க லிஸ்ட், எல்லாத்துலயும். ஏன்னா இதெல்லாம் சம்பளக் கணக்கு பார்க்கிற பேரோல் டேட்டாபேஸ்ல இருக்க சட்டப் பேரை இழுத்துட்டு வர்ற மாதிரி என்னைக்கோ யாரோ கட்டி வச்சிருக்காங்க. சிக்னேச்சர்ல ஷி/ஹெர்னு அழகா இருக்கும், அதுக்கு மேலயே ஃப்ரம் லைன்ல பழைய ஆம்பளப் பேரு நிக்கும். அதைப் பார்க்கிற க்ளையன்ட்டுக்கு அவங்க கதை பூரா தெரிஞ்சு போச்சு, அவங்க ஒரு வார்த்தை சொல்லாமலே.

சட்டப் பேரு நிஜமாவே தேவைப்படுற இடம் சம்பளம், வரி, இன்சூரன்ஸ், பின்னணி சரிபார்ப்பு, இவ்வளவுதான். மத்த எல்லாத்துக்கும் டிஸ்ப்ளே நேம்னு ஒண்ணு தனியா வச்சு எல்லா சிஸ்டமும் அதுல இருந்து எடுக்கிற மாதிரி மாத்தணும். பெரிய ப்ராஜெக்ட்தான், பட்ஜெட் கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க, போஸ்டருக்கும் பேட்ஜுக்கும் மட்டும் காசு உடனே வந்துரும். நாங்க கல்யாணத்துக்கு அப்புறம் பேரு மாத்தினவங்க, இனிஷியலை முன்னாடி பின்னாடி போட்டு சிஸ்டம் குழப்புறவங்க, சுருக்கமான பேரையே எல்லாரும் கூப்பிடுற ஆளுங்கன்னு எல்லாரோட டிக்கெட்டையும் சேர்த்து ஒரு கட்டா காட்டினோம். அப்போதான் சாங்ஷன் ஆச்சு. இதைத் தந்திரம்னு சொன்னாலும் சரி.

யாருக்குத் தெரியும்ங்கிறது அடுத்த தலைவலி. ஜூம்ல எப்பவும் காட்டு, ஒவ்வொரு மீட்டிங்லயும் என்னைக் கேளு, காட்டாதேன்னு மூணு சாய்ஸ் இருக்கு, லிங்க்ட்இன்ல உங்க கனெக்ஷனுக்கு மட்டுமா எல்லாருக்குமான்னு கேக்கும், மைக்ரோசாஃப்ட் 365ல அட்மின் ஆன் பண்ணாத வரைக்கும் ஃபீல்டே வராது. ஆனா ஆஃபிஸ்ல நிரப்புற ஆளுக்கு இது தெரியாது, டீமுக்கு மட்டும்னு நினைச்சுப் போடுவாங்க, அது வேற நாட்டு க்ளையன்ட்டோட மீட்டிங்ல போய் நிக்கும். அதனால கட்டத்துக்குக் கீழயே, இதை யார் யார் பார்ப்பாங்கன்னு ஒரு வரி எழுதி வச்சோம். அந்த வரியைப் படிச்சுட்டு எடுத்தவங்களும் உண்டு, அது நல்லதுதான்.

சட்டம்னு பார்த்தா நாட்டுக்கு நாடு வேற வேற திசையில இழுக்குது. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா மனித உரிமை தீர்ப்பாயம் 2021ல, தே/தெம்னு கேட்டுக்கிட்ட ஒரு ரெஸ்டாரன்ட் சர்வரை கூட வேலை பார்த்தவர் வேணும்னே மாத்திக் கூப்பிட்டுட்டே இருந்ததும், அதை எதிர்த்துப் பேசினதுக்கு வேலையை விட்டே அனுப்பினதும் பாகுபாடுன்னு சொல்லி 30,000 கனடா டாலர் குடுக்க வச்சுது. அதே 2021ல பிரிட்டன்ல வேலைவாய்ப்பு மேல்முறையீட்டு தீர்ப்பாயம், பாலினம்ங்கிறது உயிரியல் ரீதியானது மாத்த முடியாதுன்னு நம்புறதும் சட்டப் பாதுகாப்புள்ள நம்பிக்கைதான்னு சொல்லுச்சு, ஆனா அதுக்காக ட்ரான்ஸ் ஆளுங்களை இஷ்டத்துக்குத் தப்பாக் கூப்பிடலாம்னு அர்த்தம் இல்லன்னும் சேர்த்தே சொல்லுச்சு. அமெரிக்காவுல 2025 ஜனவரி கடைசில மத்திய அரசு ஊழியர்கள் மெயில் சிக்னேச்சர்ல இருந்து ப்ரோநவுனை ரெண்டு மூணு நாளுக்குள்ள எடுக்கணும்னு உத்தரவே போட்டாங்க. ஒரு காலத்துல போடச் சொல்லி ஊக்குவிச்ச அதே ஆஃபிஸ்கள்.

அந்தச் செய்தி வந்த அன்னைக்கு எனக்கு முதல்ல தோணினது டேட்டாபேஸ்தான். யார் யார் என்ன போட்டாங்கன்னு ஒரு லிஸ்ட் எங்கயோ இருக்குமே. எங்ககிட்டயும் ஒரு தடவை ரிப்போர்ட் கேட்டாங்க, டீம் வாரியா எத்தனை பேர் நிரப்பியிருக்காங்க, எந்த வகைன்னு ஒரு சார்ட், டவுன்ஹால்ல, அதாவது ஆஃபிஸ் பூரா கூடுற மீட்டிங்ல, காட்டிப் பெருமைப்பட. அமெரிக்காவுல சர்வே எடுக்கிற ப்யூ ரிசர்ச் சென்டர் 2022ல சொன்ன கணக்குப்படி அமெரிக்கப் பெரியவங்கள்ல 1.6 சதவீதம் பேர்தான் ட்ரான்ஸ் இல்ல நான்பைனரி. அப்போ ஒரு சின்ன டீம் சார்ட்ல தே/தெம்க்கு ஒரு கோடு வந்தா அது யாருன்னு டவுன்ஹால் முடியறதுக்குள்ள கண்டுபிடிச்சிருவாங்க. தர மாட்டேன்னு சொன்னேன், மேல போச்சு, மேல இருந்தவர் புரிஞ்சுக்கிட்டார். இப்போ அந்த ஃபீல்டு எந்த எக்ஸ்போர்ட்லயும் வராது, அழிச்சா பழைய மதிப்பு ஹிஸ்டரியில தங்காது.

எதிர்க்கிறவங்க பத்தி. எல்லாரையும் வெறுப்பாளர்னு ஒரே மூட்டையில கட்டுறது சோம்பேறித்தனம். அந்த சீனியர் சார் கடைசி வரைக்கும் போடல, இன்னைக்கும் காலிதான். ஆனா அந்தப் பொண்ணை ஷின்னு தப்பாம சொல்றார், "அது அவங்க கேட்டாங்க, இது என்னைக் கேட்டீங்க, ரெண்டும் ஒண்ணா?"ன்னார். எனக்கு அந்தக் கோடு சரியாப் பட்டுது. தன்னோடதைப் போடுறதும் போடாததும் அவரவர் இஷ்டம், அடுத்தவங்க சொன்னப்புறம் அதை மதிக்கிறது வேலையில சேர்ந்தது. மத நம்பிக்கையால முடியாதுன்னு ஒருத்தர் சொன்னார், அவர் எல்லாரையுமே பேரு சொல்லித்தான் பேசுறார், எல்லாரையும்ங்கிறதால அது ஓடுது. இதுக்கு நேர் எதிரா, சிக்னேச்சர்ல கொட்டை எழுத்துல ப்ரோநவுன் போட்டு, போடாதவங்களை ஏன் போடலன்னு துருவித் துருவிக் கேட்ட ஒருத்தர், க்ளையன்ட் அந்தப் பொண்ணைத் தப்பாக் கூப்பிட்டப்போ ம்யூட்ல இருந்தார்.

கிண்டல்காரங்க எப்பவும் உண்டு. என் ப்ரோநவுன் மகாராஜான்னு ஸ்டேட்டஸ் வைக்கிற டைப். அதுக்கு பெரிய க்ளாஸ் எடுத்தா இன்னும் பத்து ஸ்டேட்டஸ் வரும். எங்க மேனேஜர் மெசேஜ்ல "எடுத்துடுப்பா"ன்னு மட்டும் சொன்னார், எடுத்துட்டான். அமெரிக்காவுல ப்யூ 2021ல எடுத்த சர்வேல 26 சதவீதம் பேர், ஹீ ஷி தவிர வேற ப்ரோநவுன் கேக்குற ஒருத்தரையாவது எனக்குத் தெரியும்னாங்க, 2018ல அது 18. தெரிஞ்ச ஆள்னு ஒருத்தர் வந்துட்டா இந்த ஜோக் தானாக் குறையுதுன்னு எங்க ஃப்ளோர்லயே பார்க்கிறேன்.

இன்னும் தீராதது ட்ராவல் புக்கிங். அதுல மிஸ்டர், மிஸ், மிஸஸ் கட்டாயம், ஆண் பெண்ணும் கட்டாயம், அது எங்க கையில இல்ல, ஏர்லைன் டிக்கெட் பாஸ்போர்ட்டோட ஒத்துப் போகணும். டைரக்டரியில இருந்து தானா இழுக்க விட்டா டிஸ்ப்ளே நேம் போய் உக்காந்து ஏர்போர்ட்ல திருப்பி அனுப்பிருவாங்க, பேரோல்ல இருந்து இழுத்தா புக்கிங் மெயில் டீம் பூரா பழைய பேரோட போகும். இப்போதைக்கு பயணம் போறவங்க ஒவ்வொருத்தரும் பாஸ்போர்ட்ல இருக்கிறதை தானே டைப் பண்ற மாதிரியும், கன்ஃபர்மேஷன் மெயில் அவங்களுக்கு மட்டும் போற மாதிரியும் பண்ணி வச்சிருக்கோம், மேனேஜருக்கு தேதியும் செலவும் மட்டும் போகும். இதை விட நல்ல வழி யாராவது பண்ணியிருந்தா சொல்லுங்க.